நிலா என்னும் தலையாரி

ஒரு வைத்தியக் குறிப்பு. வயது எழுபதைத் தாண்டி, உடம்பு மோர்மிளகாய் வற்றல் மாதிரி ஆகிவிட்டவர்களுக்கு. ஆரோக்கியமும் அழகும் சிரித்த முகமும் உள்ள, பால் கொடுக்கும் இளந்தாய் ஒருத்தியைத் தேடிப் பிடிக்க வேண்டும். நல்ல பசியோடு போய் அவளிடம் பால் குடிக்க வேண்டும். குடித்த கையோடு கொஞ்சம் சோம்புப் பொடி. இதற்கும் மசியாத முதுமை என்றால் அடுத்த கட்டம்: திடகாத்திரமான இளைஞன் ஒருவனின் இடது கை நரம்பை லேசாகக் கீறி, அட்டை உறிஞ்சுவது போல ஒன்றிரண்டு அவுன்ஸ் இரத்தம். இளைஞனுக்குச் சம்மதம் இருக்க வேண்டும் என்று ஒரு நியாயமான நிபந்தனையும் உண்டு. பாலோ இரத்தமோ, எதுவாக இருந்தாலும் வளர்பிறையில்தான் குடிக்க வேண்டும். 

இதைச் சொன்னவர் சுடுகாட்டு மந்திரவாதி என்று நினைத்துவிடாதீர்கள். மார்சிலியோ ஃபிச்சீனோ. ஃப்ளாரன்ஸ்காரர், வைத்தியரின் மகன், பாதிரியார், ஊரை ஆட்டிவைத்த மெடிச்சி குடும்பத்தின் செல்லப்பிள்ளை. பிளாட்டோ எழுதிய அத்தனையையும் லத்தீனுக்குக் கொண்டுவந்த மனிதர். ஐரோப்பா கண் விழித்துப் பல் துலக்கிய காலம் என்று பாடப்புத்தகம் சொல்கிற மறுமலர்ச்சிக் காலத்தை, கொட்டாவி விட்டுத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். மேற்படி குறிப்பு 1489-இல் வெளியான அவருடைய 'வாழ்க்கை குறித்து மூன்று நூல்கள்' என்ற புத்தகத்தில் இருக்கிறது. படித்தவர்களின் உடல்நலத்துக்காகவே எழுதப்பட்ட புத்தகம் அது.

இதில் நிலாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், அன்றைய பிரபஞ்சத்தின் அலுவலக அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பூமி நடுவில். சுற்றிலும் வெங்காயத் தோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகக் கோளங்கள். எல்லாவற்றுக்கும் மேலே நட்சத்திர மண்டலம். அதைத் தலைமைச் செயலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து சனி, கலெக்டர்: மெதுவாக நகர்வார், வந்தால் வீடே நடுங்கும். பிறகு வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன் என்று வரிசையாக அதிகாரிகள். கடைசியில், நம் தலைக்கு மேலேயே, நிலா. கிராமத்துத் தலையாரி. மேலிடத்திலிருந்து எந்த உத்தரவு கிளம்பினாலும் தலையாரி கையில் வந்துதான் ஊருக்குள் இறங்க வேண்டும். சனியின் சோகமும் செவ்வாயின் கோபமும் நிலாவின் கோளத்தைக் கடந்துதான் மனிதன் தலையில் விழும். போதாக்குறைக்கு மற்ற அதிகாரிகள் வருஷக்கணக்கில் சுற்றுகிறபோது, தலையாரி மட்டும் மாதத்துக்கொரு முறை ஊரைச் சுற்றி வந்துவிடுவார். முகத்தையும் தினமும் மாற்றிக்கொள்வார். கலெக்டரை யார் பார்த்தார்கள்? கண்ணில் படுகிறவர் தலையாரி. ஆகவே அடியும் அவருக்கே.

ஒருமுறை வரி ரசீதில் பெயர் மாற்றுவதற்காக ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்தேன். பதினோரு தடவையும் நான் திட்டியது கவுண்டரில் உட்கார்ந்திருந்த அந்தக் கண்ணாடி போட்ட பையனைத்தான். கோப்பு மூன்றாவது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பையனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நிலா ஞாபகம் வரும்.

உடம்புக் கணக்கு தனி. நம் சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. கிரேக்க வழி வந்தவர்களுக்கு நான்கு: இரத்தம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம், கபம். இரத்தம் மிகுந்தவன் கலகலப்பானவன், வியாழனின் ஆள். மஞ்சள் பித்தம் மிகுந்தால் முன்கோபி, செவ்வாயின் ஆள். கரும்பித்தம் என்றால் எப்போதும் இழவு வீட்டு முகம், சனியின் ஆள். மிச்சமிருந்த கபம், அதாவது சளி, நிலாவுக்கு ஒதுக்கப்பட்டது. காதலர்கள் ஏங்கிய அந்த வெள்ளி வட்டத்துக்கு வைத்தியர்கள் கொடுத்த இலாகா மூக்குச்சளி. நிலா குளிர்ச்சி, ஈரம். சளியும் குளிர்ச்சி, ஈரம். பொருத்தம் பார்த்தாகிவிட்டது. நிலாவின் பிள்ளைகள் வெளுத்து, ஊதி, தூங்கி வழிவார்கள், சொன்ன சொல்லில் நிற்க மாட்டார்கள், நாளைக்கு என்பார்கள்.

உடம்பிலேயே ஈரமான, குளிர்ந்த உறுப்பு எது? மூளை. அதனால் அதுவும் நிலாவின் அதிகார எல்லைக்குள் வந்தது. வளர்பிறையில் மூளை மண்டையோட்டுக்குள் பால் மாதிரி பொங்கும், தேய்பிறையில் அடங்கும் என்று கற்றவர்கள் நம்பினார்கள். சாட்சிக்குச் சிப்பியையும் நண்டையும் கூப்பிட்டார்கள்: நிலா வளர வளர அவற்றுக்கும் சதை பிடிக்கிறதே, பார்க்கவில்லையா? நம் கடற்கரையில் நேர்மாறாகச் சொல்வார்கள். நிலாக்கால நண்டில் ஓடுதான் மிஞ்சும், அமாவாசை நண்டுதான் கனக்கும் என்று. இரண்டு ஊர் நண்டும் பார்ப்பது ஒரே நிலாவைத்தான்.

அன்றைய முடிதிருத்தும் கடைக்கு ஒரு நடை போய்வருவோம். அங்கே முடியும் வெட்டுவார்கள், பல்லும் பிடுங்குவார்கள், இரத்தமும் எடுப்பார்கள். சுவரில் ஒரு படம் தொங்கும்: உடையில்லாத ஓர் ஆள், உடம்பு முழுக்க ராசிகள். தலையில் மேஷத்து ஆடு ஏறி உட்கார்ந்திருக்கும். கழுத்தில் ரிஷபத்து எருது. தோளில் இரட்டையர், மார்பில் கடக நண்டு, அந்தரங்கத்தில் விருச்சிகத் தேள், பாதத்தில் மீனம். நிலா எந்த ராசியில் நிற்கிறதோ அந்த உறுப்பில் கத்தி படக்கூடாது. இதுதான் சட்டம். தலைவலி தாங்காமல் ஒருவர் வந்து நிற்கிறார். நாவிதர் பஞ்சாங்கத்தைப் பிரிக்கிறார். நிலா மேஷத்தில். "இன்றைக்குத் தலையைத் தொட முடியாது ஐயா, இரண்டரை நாள் கழித்து வாருங்கள்." ஐயா முனகிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார். இரண்டரை நாளில் பாதிப் பேருக்குத் தலைவலி தானாகவே போயிருக்கும், ஒரு கிண்ணம் இரத்தமும் மிச்சம். அந்தக் கால வைத்தியத்தில் நோயாளியின் உயிரைக் காப்பாற்றிய ஒரே பிரிவு இந்த நிலா விடுமுறைதான் என்பது என் சொந்தக் கருத்து.

பேதிக்கும் நாள் பார்த்தார்கள். நிலா மேஷம், ரிஷபம், மகரம் ஆகியவற்றில் இருக்கும்போது பேதி மருந்து கொடுக்கக்கூடாது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஆடு, மாடு, மலையாடு மூன்றும் அசைபோடும் ஜாதி. விழுங்கியதை மேலே கொண்டுவருபவை. ஆகவே அந்த நாளில் மருந்து கீழே இறங்காது, வாய் வழியாகத் திரும்பிவிடும். இவ்வளவு கச்சிதமான தர்க்கத்தை நான் எந்தப் பட்ஜெட் உரையிலும் கேட்டதில்லை. குட்டன்பர்க் அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்து பைபிளை அச்சிட்டார் என்று படித்திருப்பீர்கள். அதே சமயத்தில் அவருடைய மைன்ஸ் நகரிலிருந்து, அவருடைய எழுத்துருவிலேயே, 1457-ஆம் ஆண்டுக்கு எந்தெந்த நாளில் இரத்தம் எடுக்கலாம், எந்தெந்த நாளில் பேதி சாப்பிடலாம் என்று ஒரு நாட்காட்டியும் வந்தது. ஆண்டவனுக்கு அடுத்தபடியாக வயிறுதான் அச்சேறியது.

தொழிலும் தலையெழுத்துப்படியே. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் 'கிரகங்களின் பிள்ளைகள்' என்று படம் போட்டு விற்றார்கள். நிலாவின் பிள்ளைகள் யார் என்று பார்த்தால் மீன் பிடிப்பவர், நீர் ஆலைக்காரர், ஆற்றில் நீந்துபவர், பறவைக்குக் கண்ணி வைப்பவர், மேஜை போட்டுக் கிண்ண வித்தை காட்டி ஏமாற்றுபவர். தண்ணீர்ப் பக்கம் பிழைப்பவர்களும் நிலையாக ஓரிடத்தில் நிற்காதவர்களும் ஒரே குடும்ப அட்டையில். அரசர், கல்விமான், நீதிபதி எல்லாம் வேறு நல்ல கிரகங்களின் வாரிசுகள். படம் வரையச் சொல்லிக் காசு கொடுத்தவர்கள் எந்தக் கிரகத்தின் பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஃபிச்சீனோ மட்டும் நிலா மேல் புகார் சொல்லவில்லை. அவருக்குச் சனி. பிறக்கும்போதே சனி லக்னத்தில் உட்கார்ந்திருந்தது, அதனால்தான் என் மனசு எப்போதும் மூட்டமாக இருக்கிறது என்று நண்பர் ஜோவான்னி கவல்காந்திக்கு எழுதிப் புலம்பினார். கவல்காந்தி லேசுப்பட்டவர் இல்லை. உன் ஞாபகசக்தியையும் கல்வியையும் கொடுத்தது யார், அதே சனிதானே, நன்றிகெட்டவனே, என்கிற பாணியில் பதில் போட்டார். ஃபிச்சீனோ உடனே சமாளித்துக்கொண்டார்: அப்படியானால் சோகம் என்பது தெய்வீக வரம் என்று வைத்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து ஐரோப்பாவில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவன் எல்லாம் மேதை. சனி பிடித்தவனுக்கு மேதைப் பட்டம் கிடைத்தது. நிலா பிடித்தவனுக்குக் கடைசிவரை சளிதான்.

ஃபிச்சீனோவின் வட்டத்திலேயே ஒரு துடுக்கு இளைஞர் இருந்தார், ஜோவான்னி பிக்கோ. பணக்காரர், அழகர், இருபத்து மூன்று வயதில் 900 வாதங்களை எழுதி வைத்துக்கொண்டு எவன் வேண்டுமானாலும் ரோமுக்கு வந்து வாதாடலாம் என்று அறைகூவியவர். அவர் ஜோதிடத்தை எதிர்த்துப் பெரும் புத்தகம் எழுதத் தொடங்கினார். வானத்திலிருந்து நமக்கு வருவது வெளிச்சமும் சூடும்தான், நிலாவின் வேலையும் அவ்வளவுதான், குணத்தைத் தீர்மானிக்க அதற்கு அதிகாரமில்லை என்பது அவர் கட்சி. சோதிடர்கள் விடுவார்களா? இவர் முப்பத்து மூன்றைத் தாண்ட மாட்டார் என்று ஜாதகம் கணித்துவிட்டதாகச் சொன்னார்கள். பிக்கோ 1494-இல் முப்பத்தொரு வயதில் செத்துப்போனார். புத்தகம் 1496-இல்தான் வெளிவந்தது. எதிர்க்கட்சிக்குக் கொண்டாட்டம். ஐந்நூறு வருஷம் கழித்து எலும்பைத் தோண்டிச் சோதித்தால் ஆர்சனிக் விஷம். ஜாதகத்தில் தெரிந்ததோ இல்லையோ, சாப்பாட்டில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

பாரசெல்சஸ் வேறு ரகம். முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிறை வளர்ந்துவிடும். 1527-இல் பாசல் நகரத்து வைத்தியராக இருந்தபோது, பழைய மருத்துவ மேதை அவிசென்னாவின் நூலைத் திருவிழா நெருப்பில் தூக்கிப் போட்டவர். பழையது எல்லாம் குப்பை என்றார். ஆனால் நிலாவை மட்டும் போடவில்லை. பைத்தியங்களை வகைப்படுத்தியபோது நிலாப் பைத்தியத்துக்கு என்று தனி இடமே கொடுத்தார்: காந்தம் இரும்பை இழுப்பது போல நிலா மனிதனின் புத்தியைத் தலையிலிருந்து இழுத்துக்கொள்கிறது, அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இழுப்பு அதிகம். அவருடைய உதவியாளராக இருந்த ஒபோரினஸ் பிற்பாடு எழுதியதைப் படித்தால், குருநாதர் இரவெல்லாம் குடித்துவிட்டு, உடுப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் விழுந்து, திடீரென்று எழுந்து உருவிய வாளோடு அறையில் சுழன்றாடுவாராம். ஆராய்ச்சிக்கு ஆள் வெளியே தேட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

நிலா போன புத்தியை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வைத்தியர்கள் பதில் சொல்லவில்லை. ஒரு கவிஞர் சொன்னார். ஃபெராராவில் கார்டினல் இப்போலித்தோ தெஸ்தேயிடம் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே லுடோவிக்கோ அரியோஸ்தோ எழுதிய 'ஒர்லாந்தோ ஃபூரியோசோ', 1516-இல் வந்தது. ஒர்லாந்தோ மாவீரன். தான் காதலித்த ஆஞ்செலிகா தன்னை விட்டுவிட்டு ஒரு சாதாரணப் படைவீரனைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்ததும் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மரங்களை வேரோடு பிடுங்குகிறான். புத்தி போய்விட்டது. எங்கே போனது? நிலாவுக்கு. அதை மீட்க அஸ்தோல்ஃபோ என்ற இங்கிலாந்து பிரபு எலியா தீர்க்கதரிசியின் தேரில் ஏறி, பக்கத்தில் புனித யோவானையே வழிகாட்டியாக உட்கார வைத்துக்கொண்டு போகிறான்.

நிலா ஒரு மாபெரும் காணாமற்போன பொருள் கிடங்கு. பூமியில் தொலைந்தது எல்லாம் அங்கே குவிந்து கிடக்கிறது. காதலர்களின் கண்ணீர், சூதாட்டத்தில் வீணான நேரம், நிறைவேறாத நேர்த்திக்கடன்கள். வெடித்துச் சிதறிய சில்வண்டுகள் ஒரு பக்கம். பிரபுக்களைப் புகழ்ந்து எழுதிய பாட்டுகளாம். உடைந்த குப்பிகள் ஒரு பக்கம். அரண்மனையில் செய்த ஊழியமாம். கார்டினலிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதிய வரிகள் இவை. கடைசியில் ஒரு மலை நிறையக் கண்ணாடிக் குப்பிகள்: மனிதர்களின் புத்தி, லேசாக ஆவியாகிவிடும் திரவமாக, பெயர் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய குப்பி ஒர்லாந்தோவுடையது. ஊரில் அறிவாளிகள் என்று பேரெடுத்தவர்களின் குப்பிகளும் கனமாக இருக்கின்றன. சோதிடர்களுடையதும் கவிஞர்களுடையதும் ஏராளம். அஸ்தோல்ஃபோ தன் பெயரிலேயே ஒரு குப்பி இருப்பதைப் பார்த்து அசந்துபோய், மூக்கில் வைத்து உறிஞ்சிக்கொள்கிறான். நிலாவில் இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான், பைத்தியம். அது பூமியை விட்டு நகர்வதே இல்லையாம். ஒர்லாந்தோவைக் கயிற்றால் கட்டி, வாயை அடைத்து, மூக்கு வழியாகப் புத்தியை ஏற்றுவதோடு கதை சரியாகிறது. நிலாவுக்கு மூக்கை விட்டால் விமோசனமில்லை போல. இத்தனை அபத்தத்தையும் எங்கேயப்பா பிடித்தாய் என்று கார்டினல் கேட்டதாகச் சொல்வார்கள். என் கணக்கில், அந்த நூற்றாண்டில் நிலாவைப் பற்றி உருப்படியாகப் பேசியவர் அரியோஸ்தோ ஒருவர்தான். மற்றவர்கள் நிலாவிலிருந்து பைத்தியம் இறங்குகிறது என்றார்கள். இவர் இங்கிருந்துதான் சரக்கு அங்கே போகிறது என்றார்.

இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் இரண்டு கட்சியையும் மேடையேற்றினார். ஒத்தெல்லோ பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு, ஊரில் இன்னொரு கொலை என்று செய்தி வந்ததும், நிலா வழக்கத்தைவிடப் பூமிக்கு நெருங்கி வந்து ஆட்களைப் பைத்தியமாக்கிவிட்டது என்கிறான். கை இன்னும் தலையணையில்தான் இருக்கிறது. 'லியர் மன்னன்' நாடகத்தில் எட்மண்ட் என்ற பொல்லாதவன், நம் அயோக்கியத்தனத்துக்கெல்லாம் சூரியன் சந்திரனைப் பழிசொல்வது என்ன பிழைப்பு என்று சிரிக்கிறான். நல்லவன் பழியை மேலே தூக்கிப் போடுகிறான், அயோக்கியன் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறான்.

பிறகு கலிலேயோ. 1609 நவம்பர் கடைசியில், பதுவாவில், தொலைநோக்கியை நிலாப் பக்கம் திருப்பினார். மலை, பள்ளம், நிழல். தெய்வீகப் பளிங்கு என்று சொல்லப்பட்டது, அம்மை விழுந்த முகமாக நின்றது. 1610-இல் புத்தகம் போட்டார். ஃப்ளாரன்ஸில் லுடோவிக்கோ தெல்லே கொலோம்பே என்பவருக்குப் பொறுக்கவில்லை. மலைகள் இருக்கட்டும், அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத பளிங்கு ஒன்று நிரப்பப்பட்டு வெளிப்புறம் வழவழப்பாகவே இருக்கிறது என்று வாதாடினார். நல்லது, அதே கண்ணுக்குத் தெரியாத பளிங்கில் பத்து மடங்கு உயர மலைகள் அங்கே நிற்கின்றன என்று நான் சொல்கிறேன், மறுத்துப் பாருங்கள் என்கிற மாதிரி கலிலேயோ திருப்பினார்.

ரொம்பவும் கைதட்டிவிடாதீர்கள். இதே கலிலேயோ பதுவாவில் காசுக்கு ஜாதகம் கணித்தவர், பெற்ற பெண்களுக்கும் கணித்து வைத்தவர். வேடிக்கை அதுவும் இல்லை. நிலா உண்மையாகவே செய்கிற வேலை ஒன்று உண்டு: கடலை இழுத்து ஓதம் ஏற்றுவது. வானியலாளர் கெப்ளர் அதைச் சரியாகச் சொன்னார். 1632-இல் வெளியிட்ட நூலில் கலிலேயோ, கெப்ளர் போன்ற அறிவாளியா தண்ணீர் மேல் நிலாவுக்கு ஆட்சி உண்டு என்கிற சிறுபிள்ளைத்தனத்தை நம்புவது என்று வருத்தப்பட்டார். பூமியின் இயக்கத்தால் கடல் தளும்புகிறது, அவ்வளவுதான் என்றார். செய்யாத குற்றத்துக்கெல்லாம் தலையாரியை உதைத்த உலகம், அவர் செய்த ஒரே வேலைக்கு வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டது.

வழக்கு அத்தோடு முடியவில்லை. லத்தீனில் நிலாவுக்கு 'லூனா' என்று பெயர். அதிலிருந்து பைத்தியக்காரனைக் குறிக்க வந்த 'லூனடிக்' என்ற சொல் சட்டப் புத்தகங்களில் உட்கார்ந்துகொண்டது, கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. நம் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கே ஒரு காலத்தில் லூனடிக் அசைலம் என்றுதான் பெயர்ப்பலகை. 1912-இல் போட்ட இந்திய லூனசி சட்டம் இருக்கும்போதே, 1969-இலிருந்து 1972-க்குள் பன்னிரண்டு பேர் நிலாவில் நடந்து, கல் பொறுக்கி, கொடி நட்டுத் திரும்பிவிட்டார்கள். நாடாளுமன்றம் புதிய மனநலச் சட்டம் இயற்றியது 1987-இல். நிலாவுக்கு ஆள் அனுப்பிய அமெரிக்காவுக்கோ இன்னும் அவகாசம் தேவைப்பட்டது. கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து 'லூனடிக்' என்ற சொல்லை நீக்கும் மசோதா 2012 டிசம்பரில்தான் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 398. எதிர்ப்பு 1.